உறைபனி நாட்டில் ஒரு பக்தாதுவாசி

மார்கழிப் பனிக்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்வோர் நாம். நதியே கல்லாக இறுகிப்போகும் நாட்டில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு தொழுதனர் என்று அறிய விழைவோர்க்கு இப்னு ஃபழ்லானின் பயணக் குறிப்பு ஓர் அரிய செல்வம்.

வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார்களின் மன்னர், தம் மக்களுக்கு மார்க்கம் போதிக்க ஆள் அனுப்புமாறு அப்பாஸியக் கலீஃபா முக்ததிரை வேண்டினார். அவ்வாறே அனுப்பப்பட்ட தூதுக்குழுவில் இப்னு ஃபழ்லானும் ஒருவர். கி.பி. 921 ஜூனில், ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதத்தில், குழு பக்தாதிலிருந்து புறப்பட்டது. குவாரஸ்ம் நாட்டு ஜுர்ஜானிய்யா நகரில் குளிர்காலம் அவர்களை வழிமறித்தது.

ஜைஹூன் நதி மூன்று மாதம் உறைந்து கிடந்தது. பனிக்கட்டியின் கனம் 17 சாண். அதன்மீது குதிரைகளும் வண்டிகளும் சாலையிற் செல்வதுபோற் சென்றன. கடைவீதிகள் ஆளின்றிக் கிடந்தன. குளியலறையிலிருந்து வீடு திரும்புவதற்குள் அவருடைய தாடி பனிக்கட்டியாயிற்று. நெருப்பருகே காட்டி உருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ளே கம்பளக் கூடாரம் அமைத்து, அதனுள் தோலாடை போர்த்து உறங்கியும், சில வேளை கன்னம் தலையணையோடு ஒட்டிக்கொண்டது! விறகு கொணரப் போன இருவர் தீக்கல்லை மறந்து சென்றனர். விடிவதற்குள் அவர்களுடைய 12 ஒட்டகங்களும் விறைத்து மாண்டன.

இத்தகைய ஊரில் நெருப்பே பெருஞ்செல்வம். நண்பரை உபசரிக்க விரும்பியவர், “வாருங்கள், என் வீட்டில் நல்ல நெருப்பு இருக்கிறது” என்றே அழைத்தார். இரவலர் வாசலில் நிற்பதில்லை. நேரே உள்ளே வந்து, நெருப்பருகே அமர்ந்து குளிர்காய்ந்த பின்னரே ரொட்டி கேட்டனர். அவ்வூர் வழக்கமே அதுவாக இருந்தது.

மேலும் வடக்கே செல்ல அஞ்சி, பக்தாதிலிருந்து உடன்வந்த மார்க்கச் சட்ட அறிஞரும் ஆசிரியரும் அங்கேயே நின்றுவிட்டனர். போதிக்க வந்தவர்களே பின்தங்க, இப்னு ஃபழ்லான் துணிந்து சென்றார். எழுபது நாள் பயணத்துக்குப் பின், 922 மே மாதம் பல்கார் மன்னரை அடைந்தார்.

அங்கே வேறொரு வியப்பு காத்திருந்தது. ஓரிரவு, பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் இஷாப் பாங்கை எதிர்நோக்கி உரையாடிக்கொண்டிருந்தார். பாங்கு ஒலித்தது, வெளியே வந்து பார்த்தால் பொழுது புலர்ந்திருந்தது! மோதினாரை வினவ, “இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுகிறோம், வைகறைத் தொழுகை தவறிவிடுமோ என்றஞ்சி நான் ஒரு மாதமாக உறங்கவில்லை” என்றார். குளிர்காலத்திலோ இதற்கு நேர்மாறு. விடியலில் புறப்படுபவர், ஒரு ஃபர்ஸக் தொலைவுகூட இல்லாத நதியை அடையுமுன் விண்மீன்கள் தோன்றிவிடும் என்று அவ்வூரார் கூறினர்.

இஷாவின் வேளையே வராத நாட்டில் அத்தொழுகை கடமையா என்ற வினாவை ஹனஃபீ சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் ஆராய்ந்தனர். காஸான் நகரத்து ஷிஹாபுத்தீன் மர்ஜானி (1818–1889) அதற்கெனத் தனிநூலே யாத்தார்.

பிழைப்பு நாடி வடபுலம் சென்ற நம் பிள்ளைகள், “இங்கே கோடையில் இரவே இல்லை, குளிர்காலத்தில் பகலே இல்லை, எப்போது தொழுவது?” என்று கேட்கும்போது நாம் திகைக்க வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் தெரியாத ஒரு மோதினார் அவர்களுக்காகவும் விழித்திருந்திருக்கிறார். நெருப்பைப் பகிர்ந்துகொள்ள வாசலைத் திறந்துவைத்த ஊராரையும் அவர்கள் நினைவிற் கொள்வார்களாக.