முடியாது என்றவர் யார்?

பள்ளியில் நான் முதலில் மனப்பாடம் செய்த முழு ஆங்கில வாக்கியம் ‘மே ஐ கம் இன், மிஸ்?’ என்பதுதான். ஒருநாள் ‘மே’வுக்குப் பதிலாகக் ‘கேன்’ போட்டுக் கேட்டுவிட்டேன். “உள்ளே வர முடியுமான்னு உன் காலைக் கேளு. வரலாமான்னு என்னைக் கேளு” என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. ‘கேன்’ இயலுமைக்கு, ‘மே’ அனுமதிக்கு என்பது அன்று மனதில் பதிந்தது.

பின்னாளில் சொல்வரலாறு படித்தபோது அந்தப் பாடம் கலைந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ அறிதலைக் குறித்த சொல். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்கிறோமே, அந்தத் தெரிதல். ‘மே’யோ வலிமையைக் குறித்தது. ஆற்றல் எனப் பொருள்படும் ‘மைட்’ அதன் உறவுச்சொல். வலிமையைச் சொன்ன சொல்தான் நாளடைவில் வாசலில் நின்று அனுமதி கேட்கும் சொல்லாயிற்று. இன்றைய பேச்சில் ஆங்கிலேயர் இரண்டுக்கும் ‘கேன்’ என்றே சொல்கிறார்கள். ஆகவே ‘ஷி கேனாட்’ என்றால் அவளால் முடியாது என்றும் கொள்ளலாம், அவள் செய்யக் கூடாது என்றும் கொள்ளலாம். எது என்பதைச் சூழல்தான் சொல்லும். சூழலை அமைத்தவர்கள் யார் என்று பார்த்தால் வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம் ‘குட்’. பொதுவாக இருந்த திறனையோ உரிமையையோ அது குறிக்கும். குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு காரியம் கைகூடியது என்றால் ‘வாஸ் ஏபிள் டு’ என்பார்கள். இந்த வேறுபாட்டை மாணவிகளுக்கு விளக்க நான் லில்லி மேக்ஸ்வெல்லின் கதையைச் சொல்வேன்.

லில்லி மேக்ஸ்வெல், மான்செஸ்டரில் சிறு கடை நடத்திய பெண். அக்காலத்தில் பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு இல்லை. ஏதோ தவறுதலால் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. 1867 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், பெண் வாக்குரிமைக்காகப் போராடிய லிடியா பெக்கர் அவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போனார். இரகசிய வாக்கெடுப்பு 1872இல்தான் வந்தது. அதுவரை வேட்பாளரின் பெயரை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். லில்லி, ஜேக்கப் பிரைட்டின் பெயரைச் சொன்னார். வாக்கு ஏற்கப்பட்டது. பெண்கள் வாக்களிக்க முடியாத நாட்டில் ஒரு பெண்ணால் வாக்களிக்க முடிந்தது. முந்தையது ‘குட் நாட்’, பிந்தையது ‘வாஸ் ஏபிள் டு’. இயலாமை லில்லியிடம் இல்லை, பட்டியலில்தான் இருந்தது.

மறு ஆண்டு மான்செஸ்டரில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்கக் கோரினர். மேரி அபட் என்பவரின் கோரிக்கை, சோர்ல்டன் எதிர் லிங்ஸ் என்ற வழக்காக 1868இல் நீதிமன்றத்துக்குப் போனது. வாக்காளர் ‘லீகல் இன்கபாசிட்டி’ இல்லாதவராக இருக்கவேண்டும் என்றது சட்டம். நேராகப் பெயர்த்தால் ‘சட்டவழி இயலாமை’. பெண்ணாக இருப்பதே அந்த இயலாமை என்று தீர்ப்பாயிற்று. பெண்களுக்கு அறிவு குறைவு என்பதால் அல்ல, அவர்கள்மீதுள்ள மரியாதையால்தான் இந்த விலக்கு என்று நீதிபதி வில்ஸ் விளக்கமும் தந்தார். திறன் உண்டு என்று ஒப்புக்கொண்டே இயலாதவள் என்று எழுத அந்த மொழியில் இடமிருந்தது.

1913இல் மறுபடியும் அதுவே நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர் குவினத் பெப். வழக்குரைஞராவதற்கான தேர்வெழுத அவர் அனுமதி கேட்டார். தேர்வெழுத வரும் ஆண்கள் பலரைவிட இவர் மேலானவராகவே இருக்கக்கூடும் என்று நீதிமன்றமே சொன்னது. சொல்லிவிட்டு, பெண் என்பதால் தகுதியில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளியது.

இந்தக் கதவைத் திறந்த 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் கவனிக்கத்தக்கது: பால் காரணமான தகுதிநீக்கத்தை அகற்றும் சட்டம். பெண்களுக்கு அது எந்தத் திறனையும் தரவில்லை. வழியில் வைத்த கல்லை வைத்தவர்களே எடுத்தார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் அப்படித்தான். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னைச் சட்டசபை 1921இல் பெண்களின் வாக்குரிமைக்குத் தடையாயிருந்த பால் விலக்கை நீக்கத் தீர்மானித்தது. பெண்கள் வழக்குரைஞராவதற்கு இருந்த தடை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுதும் நீங்கியது.

‘முடியாது’, ‘கூடாது’ என இரண்டு சொற்களை வைத்திருக்கும் தமிழில் இந்த மயக்கம் இல்லை என்று நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் முதல் மதிப்பெண் வாங்கிவந்த மாணவி, விலகல் கடிதத்தோடு வந்து நின்றாள். ‘என்னால் படிப்பைத் தொடர முடியவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

“உன்னால முடியலையா, வீட்ல விடலையா?” என்று கேட்டேன்.

“விடலைம்மா.”

“அப்ப அதையே எழுதேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்படி எழுதினா அப்பாவுக்கு அசிங்கம்மா” என்றாள்.

கடிதம் அப்படியே கோப்புக்குள் போனது. ஐம்பது ஆண்டு கழித்து யாராவது அதைப் பிரித்துப் படித்தால், இயலாத பெண் ஒருத்தி படிப்பை நிறுத்தினாள் என்றுதான் அறிவார்கள். பழைய ஆவணங்களில் ‘முடியவில்லை’ என்று ஒரு பெண் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவள் முகம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தவர் யார் என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.