தறிச் சத்தம் நின்ற பிறகு

ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் குழித்தறி. தொலைக்காட்சிப் பெட்டியும் அங்கேதான். இரவில் தறிச் சத்தம் நின்றதும் தொடர் ஆரம்பமாகும். அப்பா தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து பார்ப்பார். அம்மா ராட்டையில் மறுநாளைக்குத் தார் சுற்றிக்கொண்டே பார்ப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

1993இல் சன் டிவி தொடங்கியது. 1999 இறுதியில் வந்த ‘சித்தி’க்குப் பிறகு, தினமும் இரவில் தொடர் பார்ப்பது வீட்டு வழக்கமானது. அன்றைய பல தொடர்களில் கணவன் மனைவிக்கிடையே பேச்சு நின்றுபோனால், அதற்கு ஒரு மூன்றாம் ஆள் காரணமாக இருப்பார்: மாமியார், நாத்தனார், அல்லது இன்னொரு பெண். உண்மை தெரிந்ததும் மௌனம் கலையும். வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எழாது.

2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ அந்தக் கேள்வியை நடுவீட்டில் வைத்தது. தேவயானி நடித்த அபி வேலைக்குப் போகிறவள். அவள் சம்பளம்தான் கணவன் பாஸ்கரோடு வந்த பிணக்கின் வேர். அவள் பிரிந்து போனபோது அம்மா ராட்டையை நிறுத்தாமல் சொன்னார்: “அவ கையில சம்பளம் இருக்கு, போயிட்டா.” அப்பா எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அந்த மௌனத்துக்கு மூன்றாம் ஆள் தேவைப்படவில்லை. தார் சுற்றாமல் நாடா ஓடாது. பிணைக்காமல் அடுத்த பாவு ஏறாது. இரண்டையும் அம்மாதான் செய்தார். ஆனால் கூலி புடவைக் கணக்கில், தறியில் உட்கார்ந்தவர் பெயரில் வரும். முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் அதிலேயே கழியும். அப்பாவுக்குக் கடனைச் சொல்லக் கூச்சம். அம்மாவுக்குக் கூலியைக் கேட்கக் கூச்சம்.

‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வமே 2022இல் ‘எதிர்நீச்சல்’ தொடரைத் தந்தார். அதில் மருமகள்கள் அடுப்படிக்குள் அடைக்கப்படுகிறார்கள். அங்கேதான் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசவும் கற்கிறார்கள். தார் சுற்றும் பெண்ணுக்கு அந்த அடுப்படித் துணைகூட இல்லை. அவள் எதிரே கணவன் மட்டுமே இருக்கிறான்.

இதை எழுதும்போது அம்மாவிடம் கேட்டேன்: “ஒரு புடவைக்கு அப்பாவுக்கு என்னம்மா கூலி?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டதே இல்லையே” என்றார்.

ஒரு புடவைக்கு எத்தனை தார் வேண்டும் என்று கேட்டேன். அதை உடனே சொன்னார்.