விமானம் விளக்கேற்றும் வேளை

இருளில் செல்பவன் விளக்கெடுத்துச் செல்வது இரு காரணம் பற்றியாகும். தன் வழியைத் தான் காண்பது ஒன்று. தன்னைப் பிறர் காணச் செய்வது மற்றொன்று. விமானத்தின் புறத்தே அமைந்த விளக்குகளுள் பெரும்பாலானவை இரண்டாவது காரணத்திற்காகவே ஏற்பட்டன. தரையிலிருந்து கிளம்புமுன் அவற்றை எப்போது ஏற்ற வேண்டும் என்னும் கேள்வி மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குக் கிடைத்துள்ள விடையில் ஒரு பகுதி, மனித உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றதாகும்.

கடல் தந்த முறை

விமானத்தின் இடச் சிறகு நுனியில் சிவப்பும், வலச் சிறகு நுனியில் பச்சையும், பின்புறத்தில் வெள்ளையும் ஒளிர்கின்றன. இம்முறையைக் கண்டவர் விமானிகள் அல்லர், மாலுமிகளே. பாய்மரக் கப்பலின் போக்கைக் காற்றின் திசை கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம். காற்றை எதிர்த்தும் செல்லவல்ல நீராவிக் கப்பலிடத்து அது செல்லாது. ஆகவே 1840-களில் பிரிட்டன் தன் நீராவிக் கப்பல்களுக்கு இடப்புறம் செவ்விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் வேண்டுமென விதி செய்தது.

முதல் உலகப் போர் முடிந்தபின் வான்வழிக்கும் பொதுவிதிகள் தேவைப்பட்டன. 1919 அக்டோபர் 13-ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, கடலின் முறையை அப்படியே வானுக்கு எடுத்துக்கொண்டது. 1944-இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் வழி வந்த விதிகளும் அதனையே போற்றுகின்றன.

இம்முறையின் நுட்பம் எண்ணத்தக்கது. சிவப்பும் பச்சையும் முன்னிருந்து பக்கவாட்டாக ஒவ்வொன்றும் 110 பாகை அளவே தெரியும். பின் வெள்ளை 140 பாகை தெரியும். மூன்றும் சேர்ந்து 360 பாகை, வட்டம் நிறைந்துவிடுகிறது. ஒரு விமானி தன் வலப்புறத்தே சிவப்பு ஒளியைக் கண்டால், மற்ற விமானத்தின் இடப்பக்கம் தன்னை நோக்கியுள்ளது என்றும், அது வலமிருந்து இடமாகத் தன் பாதையைக் குறுக்கிடுகிறது என்றும் அறிவான். வலப்புறம் வருவதற்கு வழிவிடுதல் வான்வழி விதி. எனவே சிவப்பைக் கண்டவன் விலக வேண்டும். சொல்லின்றியே நிறம் கட்டளையிடுகிறது.

திசை போதாது, இருப்பும் வேண்டும்

விமானங்களின் வேகம் பெருகியபோது இவ்விளக்குகள் மட்டும் போதவில்லை. அசையாது எரியும் சிறு விளக்கு விண்மீனாகவும் தோன்றும்; ஊர் விளக்காகவும் தோன்றும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிவப்புச் சுழல்விளக்கு பரவியது. பின்னர் நொடிப்பொழுதில் வெட்டி மறையும் வெண்மின்னொளி விளக்கு வந்தது. 1930-களில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வளர்த்த மின்னொளிக் கலையின் வழிவந்ததே இவ்விளக்கு. பழைய விளக்குகள், "நான் இத்திசையில் செல்கிறேன்" என்றன; புதியவை, "நான் இங்கிருக்கிறேன்" என்றன.

விளக்கே மறைப்பதும் உண்டு

விளக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்று கருதுவது இயல்பு. வரலாறு அதனை முற்றும் ஒப்பவில்லை. 1943-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படை ஒரு விந்தையான சோதனை செய்தது. தாக்க வரும் விமானம் பகல் வானத்தின் முன் கரும்புள்ளியாகத் தெரியவே, நீர்மூழ்கிக் கப்பல்கள் முன்னதாகவே மூழ்கித் தப்பின. அதனைத் தடுக்க, விமானத்தின் முகப்பில் விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் ஒளிக்குச் சமமாக எரியவிட்டனர். கரும்புள்ளி வானத்தோடு கலந்தது; நெருங்கி வரும்வரை விமானம் கண்ணுக்குப் புலப்படவில்லை. இதனால் விளங்குவது யாது? பொருளைக் காட்டுவது ஒளியன்று. சூழலினின்றும் அது வேறுபடுதலே. சூழலோடு ஒத்த ஒளி, திரையாகவும் ஆகிவிடும்.

போர்க்காலத்தில் வேண்டுமென்றே செய்யப்பட்ட இது, 1991-இல் எவரும் விரும்பாமலே நிகழ்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் இருண்ட மாலையில், லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையில் சிறு பயணி விமானம் ஒன்று, புறப்படும் அனுமதிக்காகக் காத்து நின்றது. அதனை அங்கு நிறுத்திய கட்டுப்பாட்டு அதிகாரி, வேலை நெருக்கடியில் அதனை மறந்து, அதே பாதையில் இறங்க ஒரு போயிங் 737 விமானத்திற்கு அனுமதி அளித்துவிட்டார். பின்புறமாக வந்த பெரிய விமானத்தின் விமானிகளுக்கு, நின்றிருந்த விமானத்தின் விளக்குகள் ஓடுபாதை விளக்குகளோடு கலந்து தெரிந்தன. புறப்படும் அனுமதி கிடைத்த பிறகே வெண்மின்னொளி விளக்குகளை ஏற்றுவது அச்சிறு விமான நிறுவனத்தின் வழக்கம். அனுமதி வரவில்லை, விளக்கும் ஏற்றப்படவில்லை. சிறு விமானத்தில் இருந்த 12 பேரும் மாண்டனர். பெரிய விமானத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

விசாரணை, முதன்மைக் குறையைக் கட்டுப்பாட்டு முறையில் கண்டது. ஒருவர் மறந்தால் மற்றொருவர் தடுக்கும் ஏற்பாடு அங்கில்லை. எனினும் விளக்கு பற்றிய பாடமும் தெளிவாயிற்று. விமானத்திற்கு மிகுந்த இடர் ஓடத் தொடங்கும்போது மட்டுமன்று. ஓடுபாதையில் அசையாது நிற்கும்போதும் உண்டு. அவ்வேளையில் அது தன் முதுகைக் காட்டி நிற்கிறது. பின்னால் வருவதை அதன் விமானி காண இயலாது.

இன்றைய ஒழுங்கு

அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குத் தரும் அறிவுரை, படிப்படியாக அமைந்தது. எஞ்சினை முடுக்குமுன் சிவப்புச் சுழல்விளக்கு ஏற்றப்பட வேண்டும். அது தரைப் பணியாளருக்கு, "விலகி நில்லுங்கள்" என்னும் எச்சரிக்கை. தரையில் நகரும்போதும், நகர எண்ணும்போதும் தரையோட்ட விளக்கு எரியும். பிறருக்கு வழிவிட்டு நிற்கும்போது அணையும். ஓடுபாதையைக் குறுக்கே கடக்கையில் எல்லாப் புறவிளக்குகளும் ஒளிர வேண்டும். ஓடுபாதையில் ஏறிக் காத்திருக்கையில், இறங்கு விளக்குகள் நீங்கலாக ஏனையவை எல்லாம் எரிய வேண்டும். புறப்படும் அனுமதி பெற்று ஓடத் தொடங்கும்போது இறங்கு விளக்குகளும் ஏற்றப்படும். இதனால், அவை எரியக் காண்பவர், "இது புறப்பட்டுவிட்டது" என அறிவர். இவ்வாறு விளக்கு, திசையையும் இருப்பையும் கடந்து, கருத்தையும் உரைக்கும் மொழியாக வளர்ந்துள்ளது.

அளவறிந்து ஏற்றுதலும் இவ்வொழுங்கின் பகுதியே. கண்ணைப் பறிக்கும் மின்னொளி, அருகே நிற்கும் பணியாளரையும் பிற விமானிகளையும் தடுமாறச் செய்யுமாயின் அதனைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கின் எல்லை

இத்தனை ஒழுங்கும் போதுமா? 2024 ஜனவரி 2-ஆம் நாள் மாலை டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், முந்தைய நாள் நிலநடுக்கத்தால் துயருற்றோர்க்கு உதவிப் பொருள் கொண்டு செல்லவிருந்த கடலோரக் காவற்படை விமானம் ஒன்று, அனுமதியின்றி ஓடுபாதையில் ஏறி ஏறத்தாழ 40 நொடி நின்றது. இறங்கிவந்த பயணி விமானம் அதன்மீது மோதியது. பயணி விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினர். காவற்படை விமானத்தின் அறுவருள் ஐவர் மாண்டனர். இறங்கிய விமானிகள் அதனை முன்னதாகக் காணவில்லை. கோபுரத்தில் இருந்தோரும் அது அங்கு நிற்பதை உணரவில்லை.

ஆகவே விளக்கு ஒரு காவலே அன்றி, முழுக் காவலன்று. தரை ரேடார், ஓடுபாதை நுழைவாயில் எச்சரிக்கை விளக்குகள், ஐயமற்ற சொற்பரிமாற்றம் ஆகியவற்றோடு சேர்ந்தே அது பயன் தருகிறது. எனினும் அவையெல்லாம் தவறிய நொடியில் எஞ்சுவது, ஒரு விமானியின் கண்ணும் மற்றொரு விமானத்தின் விளக்குமே. அந்நொடிக்காகவே, அனுமதிக்குக் காத்திராமல், ஓடுபாதையில் கால்வைக்கும்போதே விளக்கேற்ற வேண்டும் என்னும் வழக்கம் வேரூன்றியது.