நத்தையின் மூலப்பத்திரம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைத்து, அம்மை குத்தி, நோய் நொடி இல்லையென்று பார்த்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். அது இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த முகாம் வருவதற்கு முன்பே, யாரும் சோதிக்காமல் இலங்கை போய்ச் சேர்ந்த ஒரு பயணி உண்டு. ஆப்பிரிக்க ராட்சத நத்தை.

சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கு வந்தது. 1847இல் பென்சன் என்ற கம்பெனி அதிகாரி, நத்தை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கித் தோட்டம் ஒன்றில் விட்டார்கள், பெருகிவிட்டது. 1900வாக்கில் இலங்கையிலும் பரவியது. இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாழை, பப்பாளி, காய்கறிச் செடிகளைத் தின்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மொரீஷியஸை எங்களுக்கு 'ஈல் தெ ஃபிரான்ஸ்' என்ற பழைய பெயரோடு சொல்லிக் கொடுத்தார்கள். 1810இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அதுதான் பெயர். அந்தத் தீவுக்கும் பக்கத்து ரெயூனியனுக்கும் கூலிகளாகப் போன தமிழர் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் பதிவேடுகளில் இருக்கிறது. நத்தைக்குப் பதிவேடு ஏது?

அதன் உடம்பிலேயே இருக்கிறது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுத் துண்டு ஒன்றை விஞ்ஞானிகள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்கு மூலப்பத்திரம் பார்ப்பது மாதிரிதான். 39 இடங்களிலிருந்து 560 நத்தைகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 18 வகை கிடைத்தன. ஆப்பிரிக்காவையும் அந்தத் தீவுகளையும் தாண்டிப் பரவியவற்றில் பெரும்பாலும் ஒரே வகைதான். அப்படியானால் உலகம் சுற்றிய இந்தக் கூட்டத்துக்கு வாசல் அந்தத் தீவுகளே என்கிறார்கள். பென்சன் கதையோடு இது பொருந்துகிறது.

இதனால் லாபம் என்ன என்று கேட்பீர்கள். எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அங்கே காவல் போட முடியும். பரவிய பிறகு கையால் பொறுக்கி அழிப்பது முடிகிற வேலையில்லை. ஒரு நத்தை ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

தோட்டத்தில் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். பேரப்பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். மூளைக் காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கக்கூடும். மனிதனைச் சோதித்துச் சோதித்து அனுப்பிய காலத்தில், ஆபத்து ஒரு படித்த மனிதரின் பெட்டியில் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.