வெடிச்ச நட்சத்திரம் மேகத்தில் மோதினால் என்ன ஆகும்? மதுரை வரை வரும் துகள்களின் கதை!

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது உங்க உள்ளங்கையை விரிச்சுப் பாருங்க. சராசரியாக நொடிக்கு ஒரு மியூவான் துகள் அதைக் கடந்து போகும். காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறந்தவை இவை. 1912-ல் விக்டர் ஹெஸ் கண்டுபிடித்த இந்தக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன?

சந்தேகம் யார் மேல்?
சூப்பர்நோவா மேல்தான். நட்சத்திரம் வெடித்ததும் கிளம்பும் அதிர்ச்சி அலை, புரோட்டான்களை ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் விரட்டுகிறது. ஆனால், காந்தப்புலத்தில் வளைந்து வளைந்து வருவதால் அவை கிளம்பிய இடம் தெரியாது.

சாட்சி சொன்ன மேகம்
அருகில் அடர்த்தியான ஹைட்ரஜன் மேகம் இருந்தால், அலை வேகம் குறையும், வாயு சூடாகும். புரோட்டான்கள் மேகத்தில் மோதி பையான்களை உருவாக்கும். அவற்றில் ஒரு வகை உடனே காமா கதிராக மாறும். அது வளையாமல் நேராக வரும். சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில், மிதுன விண்மீன் கூட்டத்தில் உள்ள ஐசி 443-லும், டபிள்யூ 44-லும் இந்தத் தடயத்தை நாசாவின் ஃபெர்மி தொலைநோக்கி பிடித்தது. முடிவு வெளியானது 2013-ல்.

இந்தியாவில்?
லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள ‘மேஸ்’ காமா கதிர் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. மிக அதிக ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்பது மட்டும் இன்னும் முடியாத வழக்கு!