ஏழு வருடமும் எட்டு வருடமும்

'செவன் இயர்ஸ் இன் திபெத்' படம் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 1997ல் வந்தது. பிராட் பிட் தாடியோடும் கிழிஞ்ச கம்பளியோடும் பனியில் நடப்பாரே, அதேதான். பக்கத்தில் இன்னொருத்தர் நடந்து வருவார். அவர் பேர் என்னன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம்.

பீட்டர் ஆஃப்ஷ்னைட்டர். இந்தப் பதிவு அவருக்காகத்தான்.

முதலில் கதைச்சுருக்கம். 1939ல் நங்க பர்பத் மலையை வேவு பார்க்க நாலு பேர் கொண்ட ஒரு குழு வந்தது. தலைவர் ஆஃப்ஷ்னைட்டர். குழுவில் ஒருவர் ஹைன்ரிஹ் ஹாரர். முந்தின வருஷம்தான் ஐகர் சிகரத்தின் வடக்கு முகத்தில் முதல்முதலாக ஏறிய நாலு பேரில் ஒருவர், அதனால் ஊரெல்லாம் பிரபலம். வேலையை முடித்துவிட்டு கராச்சியில் கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில் உலகப்போர் வெடிக்க, பிரிட்டிஷார் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். கடைசியில் டேராடூன் முகாம்.

1944 ஏப்ரல் 29. ஏழு பேர் தப்பினார்கள். எப்படின்னா, இரண்டு பேர் ஆங்கில அதிகாரி வேஷம், மற்றவர்கள் முள்வேலி சரிசெய்யும் கூலியாட்கள் வேஷம். நேரே வாசல் வழியாகவே நடந்து வெளியே போனார்கள்! (நம்ம சினிமாவில் வைத்தால் 'லாஜிக் இல்லை'ம்போம்.) அந்த ஏழில் திபெத்துக்குள் கடைசிவரை தாக்குப்பிடித்தது இரண்டே பேர்: ஹாரரும் ஆஃப்ஷ்னைட்டரும்.

நேபாள எல்லையோரம் கீரோங் என்ற ஊரில் பல மாதம் இருந்தார்கள். அதற்குமேல் இருக்க அனுமதி இல்லை. நேபாளத்துக்குள் போனால் பிரிட்டிஷார் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். கூட வந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. மிச்சமிருந்தது லாசா மட்டும். 1945 நவம்பரில் ரகசியமாக நழுவினார்கள்.

லாசாவுக்குத் தெற்கே நல்ல பாதை இருந்தது. ஆனால் அங்கே ஊருக்கு ஊர் அதிகாரிகள், எல்லோரும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். அதனால் வடக்கே சாங்தாங் பீடபூமி வழியாகப் போனார்கள். பெரும்பகுதி 4,500 மீட்டருக்கு மேலே. இமயமலை மழைமேகத்தை மறித்துவிடுவதால் அது பாலைவனம், உயரத்தால் பனி. குளிர்கால இரவில் மைனஸ் முப்பதுக்கும் கீழே போகும். மரம் கிடையாது. அடுப்பெரிக்க யாக் சாணி வறட்டிதான். சுமை தூக்க ஒரு யாக், அதற்கு 'ஆர்மின்' என்று பெயர். (கவரிமான்னு நாம மானாக்கிட்டோமே, அது இந்த யாக்தான்னு சொல்றவங்க உண்டு.) வழியில் கொள்ளைக்காரர்கள் பயம் வேறு. அவர்களுக்குப் பயந்து நிலா வெளிச்சத்தில் நடந்த இரவுகளும் உண்டு. கையில் இருந்ததோ காலாவதியான பழைய அனுமதிச் சீட்டு. அதையே காட்டிக் காட்டி ஒப்பேற்றினார்கள்.

இங்கேதான் ஆஃப்ஷ்னைட்டரைப் பார்க்கணும். ஹாரரைவிடப் பதிமூணு வயது மூத்தவர், அப்போது 46. லாசா நெருங்கும் நேரத்தில் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலி. ஆனால் 1929லும் 1931லும் கஞ்சன்ஜங்கா போன காலத்திலிருந்தே திபெத்திய மொழி படித்தவர் அவர். நாடோடியின் கூடாரத்துக்கு வெளியே விறைத்துப்போய் நிற்கும்போது ஐகர் சாதனை என்னத்துக்கு ஆகும்? உள்ளே கூப்பிட வைப்பது நாலு வார்த்தை பேச்சுதான்.

1946 ஜனவரி 15. இரண்டு பிச்சைக்காரர்கள் போல லாசாவுக்குள் நுழைந்தார்கள்.

அப்புறம்? ஹாரர் சிறுவயது தலாய் லாமாவுக்கு ஆசிரியரானார். சீனப்படை வந்ததும் கிளம்பி, ஊர் திரும்பி, 1952ல் புத்தகம் வெளியிட்டார். உலகமே படித்தது. ஆஃப்ஷ்னைட்டர் லாசாவில் வாய்க்கால் வெட்டினார், நகரத்துக்கு வரைபடம் போட்டார். ஹாரர் போன பிறகும் திபெத்தில் தங்கியிருந்து, 1952ல்தான் வெளியேறினார். பிறகு நேபாளத்தில் விவசாயப் பொறியாளர் வேலை. அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார். 1973ல் இறந்தார். குறிப்புகள் நிறைய எழுதி வைத்திருந்தும் உயிரோடிருந்தவரை புத்தகமாகவில்லை. 1983ல்தான் ஜெர்மனில் வந்தது. 2002ல் ஆங்கிலத்தில். அதன் தலைப்பில் 'எட்டு வருடங்கள்' என்று இருக்கிறது!

ஹாரரைக் குறை சொல்லவில்லை. கூட்டாளியின் மொழியறிவை அவர் மறைக்கவில்லை. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது எழுதுபவன் கையில். 1938ல் தான் நாஜி எஸ்எஸ் படையில் சேர்ந்ததை ஹாரர் புத்தகத்தில் எழுதவில்லை. பத்திரிகைகள் அதைத் தோண்டி எடுத்தது 1997ல், படம் வந்த அதே வருஷம். அந்தப் படம் ஆஃப்ஷ்னைட்டருக்கு லாசாவில் ஒரு கல்யாணமே செய்து வைத்தது. சுத்தக் கற்பனை. மறுக்க மனுஷன் உயிரோடு இல்லையே.

ஒரே பனி, ஒரே பசி, ஒரே யாக்தான் ரெண்டு பேருக்கும். ஒருத்தர் உடனே எழுதினார், இன்னொருத்தர் எழுதியதைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நாம் இத்தனை நாள் 'வரலாறு' என்று படித்தது முதல் ஆளின் கதையை. அடுத்த தடவை அந்தப் படம் டிவியில் வந்தால், பிராட் பிட்டை விட்டுட்டு பக்கத்தில் நடக்கிறவரைப் பாருங்க.