காஸில் ராக்: எல்லை போன பிறகும் ரயில் நிற்கும் ஊர்

ஹூப்ளியிலிருந்து கோவா ரயிலில் போயிருக்கிறீர்களா? லோண்டா தாண்டியதுமே தூத்சாகர் அருவியைப் பார்க்க ஜன்னலோர சண்டை ஆரம்பித்துவிடும். அருவிக்கு முன்னால், காட்டுக்கு நடுவே ஒரு குட்டி ஸ்டேஷனில் ரயில் நிற்கும். பெயர் காஸில் ராக். கர்நாடகத்தின் கடைசி ஊர்களில் ஒன்று. "இங்க எதுக்குப்பா நிக்குது?" என்று என் பையன் கேட்டான். தெரியாமல் முழித்தேன். அப்புறம் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

கதை உப்பில் ஆரம்பிக்கிறது. 1878 டிசம்பரில் பிரிட்டனும் போர்ச்சுகலும் ஓர் ஒப்பந்தம் போட்டன. கோவாவின் உப்பு உற்பத்தி பிரிட்டிஷ் கட்டுப்பாட்டுக்குப் போனது. பதிலுக்கு போர்ச்சுகீசியர்களுக்கு வருஷத்துக்கு 4 லட்ச ரூபாய். கூடவே மர்மகோவா துறைமுகத்திலிருந்து மலையேறும் ஒரு ரயில் பாதை. லண்டனில் திரட்டிய முதலுக்கு வட்டி உத்தரவாதம் தந்தது போர்ச்சுகல் அரசு. ரயில் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் வட்டி வந்தாக வேண்டும். கம்பெனியின் பெயரிலேயே 'கேரண்டீட்' என்ற வார்த்தை இருந்தது! ஜாமீன் போட்டவர் பாடு என்ன ஆகும் என்று என்னைப் போன்ற பேங்க்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் அதைவிடப் பெரிய விலை கொடுத்தது, உப்பளத்தை நம்பியிருந்த கோவாவின் சாதாரண ஜனங்கள்.

1888இல் மீட்டர்கேஜ் பாதை மலையேறி காஸில் ராக்கைத் தொட்டது. ஒப்பந்தம் இருந்தவரை இரண்டு பக்கமும் சுங்கம் பொது. 1892இல் ஒப்பந்தம் காலாவதியானது. எல்லையில் மறுபடி சுங்கச் சோதனை வந்தது. மலைமேல் காஸில் ராக்கில் பிரிட்டிஷ் இந்தியாவின் சோதனை, கீழே குலேமில் போர்ச்சுகீசியர்களின் சோதனை. ரயிலோடு பிறந்த ஊருக்கு, எல்லையும் சேர்ந்து சோறு போட்டது.

பம்பாயில் பிழைத்த கோவாக்காரர்கள் ஊருக்குப் போன வழி இதுதான். பூனா, லோண்டா, காஸில் ராக், குலேம், மட்காவ். தீபாவளிக்கு மூட்டை முடிச்சோடு ரயிலேறும் நாம், அதே பெட்டியை வழியில் இரண்டு அரசாங்கத்துக்குத் திறந்து காட்ட வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. 1902இல் இந்தப் பாதையை நடத்தும் பொறுப்பு சதர்ன் மராட்டா ரயில்வேக்கு வந்தது. அது 1908இல் மெட்ராஸ் ரயில்வேயோடு இணைந்து, மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.எம். ஆனது. ஆக, போர்ச்சுகீசிய மண்ணில் ஓடிய ரயிலுக்கு உத்தரவு போனது மெட்ராஸிலிருந்து!

1955 ஆகஸ்ட் 15 அன்று கோவா விடுதலைக்காக சத்தியாக்கிரகிகள் பல இடங்களில் எல்லை தாண்டினார்கள். போர்ச்சுகீசியர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் இந்தியா எல்லையை மூடியது. ரயிலும் நின்றுபோனது. எல்லையால் வாழ்ந்த ஊருக்கு, அதே எல்லை பூட்டாகவும் ஆனது.

1961 டிசம்பர் 19 அன்று கோவா விடுதலையானது. பூட்டு திறந்தது. கூடவே சுங்கமும் போனது. யாரும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டாம். நல்ல விஷயம்தான். ஆனால் வெறும் எல்லைச் சாவடியாக மட்டும் இருந்திருந்தால் ஊர் அன்றோடு முடிந்திருக்கும்.

காப்பாற்றியது மலை. 37 அடி போனால் 1 அடி ஏறுகிற செங்குத்துப் பாதை இது. ஏறும் ரயிலைப் பின்னாலிருந்து தள்ள கூடுதல் என்ஜின் வேண்டும். இறங்கும் ரயிலுக்கு பிரேக்கை சோதிக்காமல் அனுப்ப முடியாது. 1990களில் மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் வந்தது. சரிவு மட்டும் மாறவில்லை. அதனால் என்ஜின் டிரைவர், பாயிண்ட்ஸ்மேன், பாதையைக் கவனிக்கும் கேங்மேன் எல்லோருக்கும் இங்கே வேலை உண்டு.

டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு வந்து, கொட்டும் மழையில் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, அடுத்த ஆர்டர் வந்ததும் கிளம்புகிற வாழ்க்கை. நமக்குத் தெரியாததா என்ன?

அடுத்த தடவை போகும்போது அருவி வரட்டும், பார்க்கலாம். அதற்கு முன்னால் இந்த ஸ்டேஷனையும் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

கொசுறு: பின்னாலிருந்து தள்ளும் அந்த என்ஜினுக்கு ரயில்வேயில் என்ன பெயர் தெரியுமா? 'பேங்கர்'! வீட்டில் சொன்னேன். "தள்ளிவிட மட்டும்தான் லாயக்கு" என்று பதில் வந்தது.